கனவுதானே, விடு என்கிறார்கள்

"கனவுதானே, விடு." இதை என்னிடம் சொல்லாதவர்கள் யாருமில்லை. அம்மா சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். ஆபீஸில் பக்கத்து நாற்காலி அக்கா சொல்லியிருக்கிறார். காய்ச்சலுக்குப் போன இடத்தில் தயங்கித் தயங்கி இதையும் சொன்னபோது டாக்டரும் சீட்டு எழுதிக்கொண்டே அதையேதான் சொன்னார். பல்வலி என்று போனால் "பல்லுதானே, விடு" என்று யாராவது அனுப்பிவைப்பார்களா? ராத்திரி மூன்று மணிக்கு நெஞ்சு படபடவென்று அடிக்க, நைட்டி வேர்வையில் ஊற எழுந்து உட்கார்ந்து, மறுபடி கண்ணை மூடவே பயந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு விடியும்வரை கிடக்கிறவளுக்கு மட்டும் "விடு" என்ற ஒரு சொல்லே மருந்தாம். விட முடிந்தால் நான் விட்டிருக்க மாட்டேனா?

அக்கறை இல்லாமல் யாரும் பேசுவதில்லை. அதுவும் எனக்குத் தெரியும். சித்தி வீபூதி மடித்துக் கொடுத்தார். மாமியார் தலையணைக்கடியில் பாக்குவெட்டியை வைத்தார். வடக்கே தலை வைக்காதே என்றார்கள். ராத்திரி தலைக்குக் குளித்துவிட்டுப் படுக்காதே என்றார்கள். கெட்ட கனவை மனுஷரிடம் சொல்லாதே, குழாயைத் திறந்துவிட்டு ஓடுகிற தண்ணீரிடம் சொல் என்றார்கள். வீபூதி பூசிப் படுத்த ராத்திரிகளில் எனக்கு ஆறுதல் இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். என் ஆற்றாமையெல்லாம் வேறு. எல்லாரிடமும் பதில் இருக்கிறது. கேள்வி ஒருத்தரிடமும் இல்லை. எத்தனை நாளாக வருகிறது, என்ன வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், உனக்கு என்ன நடந்தது? இந்த ஐந்தை யாராவது கேட்டிருந்தால் என் பல வருஷம் மிஞ்சியிருக்கும்.

நடந்தது இதுதான். 2015 டிசம்பர் 1. அப்போது ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். நாளெல்லாம் மழை. செம்பரம்பாக்கத்தில் திறந்துவிட்ட தண்ணீரும் வழியில் பெய்த மழையும் சேர்ந்து அடையாற்றில் வந்தது. நடுராத்திரியில் கால் நனைந்துதான் விழித்தேன். கட்டிலுக்கு மேலே தண்ணீர். கரண்ட் இல்லை. சமையலறையிலிருந்து அம்மா கூப்பிடுகிறார், ஃபிரிட்ஜ் மிதந்து வந்து வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது, வாசல் கதவின் தாழ்ப்பாள் ஊறிப்போய் வரமாட்டேன் என்கிறது. மேல் வீட்டுப் பிள்ளைகள் வெளியிலிருந்து கதவை உடைத்து எங்களை மாடிக்கு ஏற்றினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "உசிரு பொழச்சுதே, அது போதாதா" என்றார்கள். போதும்தான். ஆனால் அதற்குப் பிறகு கனவில் மேல் வீட்டுப் பிள்ளைகள் வருவதே இல்லை. தாழ்ப்பாள் திறப்பதே இல்லை. அம்மாவின் குரல் நின்றுபோகும். அப்போது விழிப்பு வரும்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் தினமும். மற்ற மாதங்களில் டிவியில் ஏரி நீர்மட்டம் என்று ஒரு வரி ஓடினால் போதும்.

என் வெள்ளம் சின்னது. 2004 டிசம்பர் 26-இல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் அதே கடலின் சத்தத்தைக் கேட்டபடிதான் இன்றும் படுக்கிறார்கள். ஈழத்தில் போரின் நடுவே யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம் 'மனவடு' என்று தமிழிலேயே புத்தகம் எழுதினார். உயிர்ப் பயத்தைக் கண்டவருக்கு அது கனவில் திரும்பத் திரும்ப வரும், அது நோயின் அடையாளம், கோழைத்தனம் இல்லை என்பது மருத்துவ உலகம் எப்போதோ ஒப்புக்கொண்ட விஷயம். அப்படியிருந்தும் ஒரு மீனவப் பெண்ணோ, முள்ளிவாய்க்கால் தாண்டி வந்த ஒரு தாயோ ராத்திரி அலறி எழுந்தால் பக்கத்தில் படுத்திருக்கிறவர் சொல்வது அதேதான்: கனவுதானே.

இதற்கு மேல் ஒன்று, விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பது. பஞ்சாங்கத்தில் பலனே போட்டிருப்பார்கள்: முதல் சாமத்துக் கனவு பலிக்க வருஷமாகும், கடைசிச் சாமத்துக் கனவு சில நாளில் பலித்துவிடும். எனக்கு வருவது எப்போதுமே மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள். எழுந்ததும் முதல் வேலை, அம்மாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பது. அன்றைக்கு முழுக்க அவர் ரோட்டைத் தாண்டினாலும் பயம், குளியலறையில் கொஞ்சம் தாமதித்தாலும் பயம். வருஷக்கணக்கில் இப்படி. ஏன் விடியற்காலையில் வருகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசரின்ஸ்கியும் கிளைட்மனும், தூக்கத்தில் மூடிய இமைக்குள் கண் வேகமாக ஓடும் ஒரு கட்டம் இருப்பதைக் கண்டு எழுதினார்கள். மனசில் நிற்கிற கனவுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை அது திரும்ப வரும். முன்னிரவில் சில நிமிஷம்தான் இருக்கும், விடிய விடிய நீண்டுகொண்டே போகும். அதனால் நீளமான கனவு விடியற்காலையில் வருகிறது. அதன் நடுவே விழித்துக்கொள்வதால் நினைவிலும் நிற்கிறது. இவ்வளவுதான். இது தெரிந்த அன்றைக்குத்தான் அம்மாவின் மூக்கருகே விரல் வைப்பதை விட்டேன்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

என் அக்கா மகனுக்கு ஆறு வயசாக இருந்தபோது நடந்தது. மழைக்காலம் முழுக்கத் தும்மலும் மூக்கொழுகலும். மான்டெலுகாஸ்ட்டும் லெவோசெட்ரிசினும் கலந்த சிரப்பை ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தார். அடுத்த தடவை அக்கா பழைய பாட்டிலையே மெடிக்கல் ஷாப்பில் காட்டி வாங்கினாள், அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. பையன் ராத்திரி எழுந்து அழ ஆரம்பித்தான். சுவரிலிருந்து நாய் வருகிறது என்பான், தூங்கவே மாட்டேன் என்று அடம் பிடிப்பான். வேப்பிலை அடித்தார்கள், தர்காவில் கயிறு கட்டினார்கள், ஸ்கூலில் எதையோ பார்த்துப் பயந்திருக்கிறான் என்று மிஸ்ஸிடம் போய்ச் சண்டை போட்டார்கள். மான்டெலுகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவையும் மனக் குழப்பத்தையும் கொண்டுவரக்கூடும் என்று 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கட்டம் கட்டி அச்சிட வேண்டிய எச்சரிக்கையாகவே அறிவித்தது. சாதாரண ஒவ்வாமைச் சளிக்கு மற்ற மருந்து கேட்காவிட்டால்தான் இதைக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. வேறொரு குழந்தை மருத்துவர் "என்ன சிரப் குடுக்கறீங்க?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி! சிரப்பை மாற்றினார், பையன் கொஞ்ச நாளில் தூங்கினான். எல்லாக் குழந்தைக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் எழுந்து அலறி, பெற்றவர்களையே அடையாளம் தெரியாமல் தள்ளி, காலையில் ஒன்றும் நினைவில்லாமல் விளையாடப் போகிற குழந்தைகளும் உண்டு. அது ஆழ்ந்த தூக்கத்தில் வருகிற வேறு வகை, வளர வளரப் பெரும்பாலும் தானே போய்விடும். அந்த நேரத்தில் உலுக்கி எழுப்பாமல், எங்கேயும் இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லவும் ஒருத்தர் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறதே!

பெரியவர்களுக்கு எழுதுகிற மருந்துகளிலும் இந்தச் சங்கடம் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் கொடுக்கிற ப்ரோப்ரனலால், மெட்டோப்ரோலால் போன்றவை, மனச்சோர்வு மாத்திரைகளில் சில, நினைவு மறதிக்குக் கொடுக்கிற டோனெபெசில். யாரும் தானாக நிறுத்திவிடாதீர்கள், முதலில் சொன்ன இரண்டையும் திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கே ஆபத்து. ஆனால் இந்த மாத்திரை தொடங்கிய பிறகுதான் கனவு வருகிறது என்று டாக்டரிடம் சொல்ல நமக்கு வாய் வரவேண்டும், அதைக் கேட்க அவருக்குக் காது வரவேண்டும். வேறு மாத்திரைக்கு மாற்றிக் கொடுப்பது அவருக்கு ஒரு நிமிஷ வேலை.

தூக்கம் வரவில்லை என்றால் அல்பிரசோலாம். என் சொந்தத்திலேயே எத்தனை பேர் கைப்பையில் அந்தச் சின்ன அட்டையை வைத்துக்கொண்டு திரிகிறார்கள்! டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் தனி நோட்டில் பதிய வேண்டும் என்பது சட்டம். துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதிக்கொண்டு போனாலும் கிடைக்கிறது. சாப்பிட்டால் அசந்து விழலாம். பல மாதம் சாப்பிட்டுவிட்டு ஒரு நாள் சட்டென்று நிறுத்தினால் தூக்கமும் போய், அதுவரை அடங்கிக் கிடந்த கனவெல்லாம் சேர்ந்து வரும். குவார்ட்டர் போட்டால்தான் தூக்கம் என்கிற ஆண்களுக்கும் இதே கதைதான். சாராயம் முன்னிரவில் கனவுக் கட்டத்தை அமுக்கிவைக்கும், பின்னிரவில் அது பொங்கிக்கொண்டு எழும். "குடிச்சாதான் கெட்ட கனவு வரமாட்டேங்குது" என்று சொல்கிற மச்சினனைப் பார்க்கும்போது எனக்கு அழுகையே வருகிறது. அவர் குடிக்கிறதே அதற்காக. அது வருகிறதே அவர் குடிப்பதால்.

அப்பா விஷயம் இன்னும் மோசம். எழுபதைத் தாண்டியவர், சாது, பகலில் குரல் உயர்த்தியதில்லை. சில வருஷமாகத் தூக்கத்தில் கத்துவார், உதைப்பார், யாரையோ பிடித்துத் தள்ளுவார். எழுப்பினால் திருடன் வந்தான், நாய் துரத்தியது என்பார். அம்மாவின் கையில் கன்றிப்போன தடம். அதை ரவிக்கைக் கையை இழுத்து மறைத்துக்கொண்டு அம்மா சொன்னதும் "கனவுதானே". வயசானால் அப்படித்தான் என்றார் ஒருத்தர். வேண்டுதல் பாக்கி இருக்கிறதா என்றார் இன்னொருத்தர். கனவு காண்கிற கட்டத்தில் கை கால் அசையாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தப் பூட்டு கழன்றுபோனால் கனவில் செய்வதை உடம்பும் செய்யும். 1986-இலேயே அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஷெங்க், மஹோவால்ட் என்ற இரண்டு மருத்துவர்கள் இதைத் தனி நோயாக எழுதிவிட்டார்கள். பார்க்கின்சன் நோய்க்குப் பல வருஷம் முன்பே வருகிற அறிகுறியாக இது இருக்கலாம் என்பதால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். நாங்கள் கடைசியில் காட்டினோம். மருந்து கொடுத்தார். படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடி மேஜையை எடுக்கச் சொன்னார், அம்மாவைக் கொஞ்ச நாள் தனியாகப் படுக்கச் சொன்னார். அம்மா நிம்மதியாகத் தூங்கி எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதே பூட்டு, விழித்த பிறகும் சில நொடி கழலாமல் இருந்தால் அதற்குப் பெயர் அமுக்குவான் பேய். மார்பில் ஏறி உட்கார்ந்து அமுக்குகிறது, கத்த வாய் வரவில்லை என்று விடுதிப் பிள்ளைகள் சொல்வார்கள். பரீட்சைக்குக் கண் விழித்துத் தூக்கம் கெட்டிருக்கும், மல்லாந்து படுத்திருப்பார்கள். ஒருக்களித்துப் படு, நேரத்துக்குத் தூங்கு என்று சொன்னால் பல பிள்ளைகளுக்குக் குறைந்துவிடும். பேய் என்று சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை இன்னும் தூங்காமல் கிடக்கும், இன்னும் அமுக்கும்.

இப்போது எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். ஒரு மழைக்காலத்தில் தாங்க முடியாமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். அங்கே உளவியலாளராக இருந்த பெண் அந்த ஐந்து கேள்விகளையும் கேட்டார். பிறகு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார். ரொம்பக் கொடூரமான கனவை முதலில் தொட வேண்டாம், கொஞ்சம் தாங்கக்கூடியதாக ஒன்றை எடு, பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுது. எழுதியதில் உனக்கு எது பிடிக்கவில்லையோ அதை மாற்று. எப்படி வேண்டுமானாலும் மாற்று, நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. மாற்றிய கதையைத் தினமும் பத்து, இருபது நிமிஷம் கண்ணை மூடிப் பார். பழைய கனவைத் திரும்ப ஓட்டாதே, புதியதை மட்டும் பார்.

நான் எழுதினேன். தாழ்ப்பாள் எண்ணெய் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு வருகிறது. தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இருக்கிறது, கதவைத் திறந்ததும் வாசல் வழியாக வடிந்து போகிறது. மாடிக்கு ஏறினால் நல்ல வெயில். அம்மா பழைய வேட்டியை விரித்து வடகம் பிழிந்துகொண்டிருக்கிறார், "காக்கா வருது பாரு, ஓட்டு" என்கிறார். முதல் சில நாள் இதைக் கண்ணை மூடிப் பார்ப்பதே கஷ்டமாக இருந்தது. தண்ணீர் கணுக்காலில் நிற்காமல் மேலே ஏறப் பார்க்கும். நிறுத்தி, கண்ணைத் திறந்து, மூச்சு விட்டு, மறுபடி வாசலிலிருந்து ஆரம்பிப்பேன். வாரங்கள் போயின. கனவு அடியோடு போய்விடவில்லை. குறைந்தது. வந்தாலும் முழு பலத்தோடு வரவில்லை. அடுத்த ஐப்பசியில், மழை கொட்டிய ஒரு ராத்திரி, விடியும்வரை தூங்கினேன்.

இந்த முறை அந்த மருத்துவமனையின் கண்டுபிடிப்பு இல்லை. பாரி கிராகோ என்ற அமெரிக்க மருத்துவரும் கூட இருந்தவர்களும், பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கெட்ட கனவால் தவித்த பெண்களிடம் இதைச் சோதித்து 2001-இல் பெரிய மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கெட்ட கனவு நோய்க்குப் பரிந்துரைக்கத் தக்க முறை என்று அமெரிக்காவின் தூக்க மருத்துவர்கள் சங்கம் 2018-இல் சொன்னது. ஒரு நோட்டும் பேனாவும் போதும், மருந்துச் செலவு கிடையாது, ஊசி கிடையாது. எங்கள் வீட்டில் வெள்ளம் புகுந்ததற்குப் 14 வருஷம் முன்பே அச்சில் வந்த விஷயம் என்னிடம் வந்து சேர எதற்கு இத்தனை மழைக்காலம் ஆக வேண்டும்? வெள்ள நிவாரணமாக அரிசி வந்தது, பாய் வந்தது, போர்வை வந்தது. எல்லாவற்றையும் நன்றியோடு வாங்கிக்கொண்டேன். அந்தப் பாயில் படுத்தால் தூக்கம் வருகிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

தூக்கத்துக்கு இந்த ஊரில் மரியாதை இல்லை, அதுதான் எனக்குப் படுகிறது. பத்து மணி வரை சீரியல், அப்புறம் சாப்பாடு, பாத்திரம், மறுநாளைக்கு மாவு, ஃபோனில் கொலைச் செய்தி, பன்னிரண்டு மணிக்குப் படுக்கை. ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும், எழுந்தாக வேண்டும். குறைந்தது ஏழு மணி நேரம் தூங்க வேண்டிய உடம்புக்கு ஐந்து மணி நேரம் தருகிறோம். பகலில் ஒரு பெண் அரை மணி கண்ணயர்ந்தால் மூதேவி என்கிறோம். தூக்கம் குறையக் குறைய, தூங்குகிற கொஞ்ச நேரத்தில் கனவுக் கட்டம் அடர்த்தியாக வரும். பயந்து தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறவளுக்கு அதனாலேயே கனவு கூடும். சாயந்திரம் ஆறு மணிக்குக் குடித்த காபியின் வீரியத்தில் ஏறக்குறையப் பாதி, ராத்திரி பதினோரு மணிக்கும் உடம்பில் இருக்கும்.

சத்தம் வேறு. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் இரவுச் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000-ஆம் வருஷ விதிகள் சொல்கின்றன. ஆடி மாதம் எங்கள் தெருவில் கூம்பு ஸ்பீக்கர் கட்டுவது என் ஜன்னலுக்கு நேராக. மார்கழியில் நாலரை மணிக்கே பாட்டு. அம்மன் பாட்டு எனக்கும் உயிர்தான். ஆனால் கனவு உச்சத்தில் இருக்கிற நேரத்தில் காதருகே அலறினால், பாதிக் கனவில் எழுந்து அதன் பயத்தை நாளெல்லாம் சுமக்க வேண்டியிருக்கிறது. ஸ்பீக்கரைக் கோயிலுக்குள் திருப்பி வையுங்கள் என்று கமிட்டி அண்ணனிடம் கேட்டேன். "சாமி காரியத்துல தலையிடாதம்மா" என்றார்.

மனநலப் பிரிவுக்குப் போனேன் என்பதை என் சொந்தத்தில் இன்னும் பலரிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரரின் சொல்படிதான் மறைத்தேன், கல்யாணத்துக்கு நிற்கிற நாத்தனார் இருக்கிறாள் என்றார். பேர் சொல்லாமலே பேசலாம் என்று 14416 என்ற இலவச எண் 2022-லிருந்து இருக்கிறது, தமிழிலேயே பேசுகிறார்கள். அது எத்தனை வீட்டுக்குத் தெரியும்? காஸ் சிலிண்டர் புக் பண்ணுகிற எண் எல்லாருக்கும் மனப்பாடம்.

2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் நடக்கிறது. எங்கள் அப்பாவுக்கும் தன்னார்வலர் ஒரு பெண் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, சுகர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். வெயிலில் தெருத் தெருவாக நடக்கிற அந்தப் பெண்ணின் மேல் எனக்குப் பெரிய மரியாதை. அவர் கையில் இருக்கிற நோட்டில் இன்னும் ஒரே ஒரு கட்டம் போட்டுக் கொடுங்கள் என்று அரசைக் கேட்கிறேன்: ராத்திரி தூக்கம் எப்படி, கெட்ட கனவு வருகிறதா? அந்தக் கேள்வியை அப்பாவிடம் மட்டும் கேட்டுவிட்டுப் போகாமல், உள்ளே அடுப்படியில் நிற்கிற அம்மாவையும் கூப்பிட்டுத் தனியாகக் கேட்கட்டும். அப்பா "நல்லாத்தாம்மா தூங்குறேன்" என்றுதான் சொல்வார்.